ஒரு மைலும் ஒன்பது நிமிடமும்

சென்ற ஆண்டு ஒரு நாட்காலையில், எந்த விளையாட்டு அணியிலும் இடம்பெறாத மாணவர் சிலரை ஒரு மைல் ஓடச்செய்து, கையிற் கடிகாரத்துடன் நின்றேன். மலைத்தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் ஒன்பது நிமிடத்தில் ஓடிமுடித்து, மூச்சிரைக்க என்னிடம் வந்து, "ஐயா, இது நல்ல நேரமா?" என்று வினவினான். இலக்கண ஐயத்துக்கு நின்ற நிலையில் விடை கூறும் எனக்கு, இவ்வினாவுக்கு விடை தெரியவில்லை.

காரணம், நாம் அறிந்தவை சிகரங்களே. 1954 மே 6 ஆம் நாள், மருத்துவ மாணவராயிருந்த ரொஜர் பானிஸ்டர் ஒக்ஸ்போட் நகரில் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஒரு மைலைக் கடந்தார். 1999 இல் மொரோக்கோ வீரர் ஹிஷாம் எல் குவெரூஜ் அதனை 3 நிமிடம் 43.13 செக்கனாகக் குறைத்தார். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைற், 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் பெற்றதையும் நாம் பெருமையுடன் பேசுகின்றோம். நடுத்தர இளைஞனைப் பற்றியோ பேசுவாரில்லை.

நோயற்ற, பயிற்சியுமற்ற இளைஞன் ஒரு மைலை ஓட ஏறத்தாழ எட்டு முதற் பத்து நிமிடம் செல்லும். சில மாதங்கள் ஒழுங்காக ஓடின், பலர் அதில் ஒரு நிமிடத்துக்கு மேலும் குறைப்பர். ஆகவே ஒன்பது நிமிடம் நாணத்தக்கதன்று.

நாணத்தக்கது வேறொன்று. இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிற் சிலர் ஓடுகின்றனர், நூற்றுக்கணக்கானோர் கைதட்டுகின்றனர். தமிழாசிரியராகிய நாமும் இதற்கு விலக்கல்லேம். பேச்சுப் போட்டிக்கு ஒருவனைப் பழக்கி, எஞ்சிய முப்பத்தொன்பது பேரையும் கேட்போராக்கி விடுகின்றோம். வென்றவனின் கிண்ணம் பாடசாலையின் அலுமாரியை அழகு செய்யும். ஏனையோரின் உடலையும் நாவையும் அது வளர்க்குமா?

ஒவ்வொரு மாணவனின் மைல் நேரத்தையும் தவணைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்து, தன் நேரத்தைத் தானே குறைத்தவனுக்குப் பரிசளித்தல் வேண்டும். மார்புநோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே ஓடுக. இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த கண்டி வாவியின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மைல்; விடியற்காலையில் அதன் கரையில் அரைச்சுற்று ஓடினாற் போதும்.

அம்மாணவனுக்கு அன்று கூறாத விடையை இன்று கூறுகிறேன்: தம்பி, உன் நேரம் நன்று. அடுத்த தவணையில் அதனை நீயே வெல்வாயாக!