இழுப்புக்கு ஜெபம், புகைக்கு மௌனமா?

ராயபுரம் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே ராயப்பர் இருப்பது கேட்கும். இயேசுவின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். பேதுரு ஒரு மீனவர். அவர் பெயரில் படகோட்டிகள் எழுப்பிய ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

அந்த மீனவரின் ஊரிலிருந்து எண்ணூர் வரை ஒரு நடை போய் வாருங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, சுவர்களில் இருக்கும் போஸ்டர்களைப் படியுங்கள். சுகமளிக்கும் கூட்டம், ஆசீர்வாதப் பெருவிழா, கடன் தீர, வேலை கிடைக்க, தீராத வியாதி தீர உபவாச ஜெபம்...

ஜெபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ராத்திரி முழுக்க இழுப்பில் தவிக்கும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய பலம்! என் கேள்வி வேறு. பிள்ளைக்கு ஏன் இழுக்கிறது என்று மேடையில் இருப்பவர் கேட்க வேண்டாமா?

வணிகவியல் படித்தவனுக்கு எதையும் பற்று, வரவு என்று பார்க்கும் புத்தி போகாது. எண்ணூரின் பேரேட்டைக் கொஞ்சம் புரட்டுங்கள். 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. மறுபடி மக்கள் கையில் மக்கும் வாளியும். அதே மாதம் 26-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்து சரியாகப் பத்தொன்பது வருஷம் ஆன நாள். நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதையோ வருஷக் கணக்கில் நீள்கிறது.

லாபம் கம்பெனியின் கணக்கில். நஷ்டம் மீனவரின் வலையில். அந்த நஷ்டத்தை நம் பிரசங்கி எந்தத் தலைப்பில் எழுதுகிறார் தெரியுமா? 'சோதனை'! ஆண்டவர் தலையில் கட்டிவிட்டால் ஆலைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

''அதெல்லாம் அரசியல் பிரதர், நமக்கு ஆத்துமாதான் முக்கியம்'' என்பார்கள். நல்ல சமாரியன் கதையை இவர்களும்தான் பிரசங்கிக்கிறார்கள். எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காயம் கட்டியவன் கதை. 1967 ஏப்ரலில் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், அந்தக் கதையை இன்னொரு படி நகர்த்தினார். காயம் கட்டுவது ஆரம்பம்தான். போகிறவர்கள் திரும்பத் திரும்ப அடிபடாதபடி அந்தச் சாலையையே மாற்ற வேண்டும் என்றார். அவரும் ஒரு பாஸ்டர்தான்.

அமெரிக்கா எதற்கு? நம்ம இடிந்தகரையைப் பாருங்கள். 2011-ல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவ மக்கள் உட்கார்ந்தது லூர்து மாதா ஆலய வளாகத்தில்தான். அவர்கள் கோரிக்கையை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் ஜெபிக்கும் இடமே மக்கள் தங்கள் பயத்தைச் சொல்லும் இடமாகவும் இருந்ததே, அதை மறுக்க முடியாது.

வட சென்னையில் சுனாமி, வெள்ளம் என்றால் அரிசியும் போர்வையும் தூக்கிக்கொண்டு ஓடும் சபைகள் உண்டு. அவர்களை வணங்குகிறேன். அவர்களிடம்தான் கூடுதலாகக் கேட்கிறேன். ஆலை விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலையோடு சேர்த்து அதையும் வாசியுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். கூட்டத்துக்கு அவரோடு போய் உட்காருங்கள். அதுவும் ஊழியம்தான்.

பைபிளில் யோவான் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தன் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை பேதுருவிடம் ஒப்படைப்பதற்கு முன்னால் இயேசு என்ன செய்தார்? ராத்திரி முழுக்க வலை வீசிக் களைத்தவர்களுக்காகக் கரையில் அடுப்பு மூட்டி, மீன் சுட்டுச் சாப்பாடு போட்டார். உபதேசம் அப்புறம்தான்.

எண்ணூர்க் கரையில் மீனவரின் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மைக்கைப் பிடியுங்கள் ஐயா.