கறுப்புக் கரை

மருதமுனைச் சகோதரி ஒருவர் தம் தங்கையின் நிக்காஹ் வைபவத்தைக் கைப்பேசியிற் படம்பிடித்து, தோஹாவிலுள்ள காக்காவுக்கு அனுப்பினாராம். அவர் அதனைத் தொலைக்காட்சித் திரையில் இட்டபோது, நடுவே ஒடுங்கிய கீற்றாகப் படமும், இருமருங்கும் கறுப்புப் பட்டையுமே தோன்றினவாம். பிழை எங்கே?

கருவியைப் பிடித்த விதத்திலேதான். இக்காலத் தொலைக்காட்சித் திரையின் அகலம் 16 பங்கெனில் உயரம் 9 பங்கு. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் இவ்வளவு மாறிவிடுகிறது. திரையில் மூன்றிலொரு பங்கைத்தானும் படம் நிரப்பாது. ஆகவே, படம் தொடங்குமுன்பே கருவியைக் கிடையாகத் திருப்புங்கள். அளவு 16:9 எனத் தேர்ந்துகொள்ளுங்கள். இடைநடுவில் திருப்பினால் காட்சி சரிந்து கிடக்கும்.

பழைய கல்யாண வீடியோ நாடாக்களின் செய்தி வேறு. ரூபவாஹினி ஆரம்பமான 1982ஆம் ஆண்டில் பெட்டிகளின் திரை 4:3 அளவினதாகவே இருந்தது. அவ்வளவிற் பிடித்த படம் புதிய திரையில் இருபுறமும் எட்டிலொரு பங்கு கறுப்பை விடும். அதை மறைக்கவெனப் படத்தைப் பெரிதாக்கினால் உயரத்திற் காற்பங்கு வெட்டுண்டு போகும். இழுத்து விரித்தாலோ முகங்கள் பருத்துவிடும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்பேரலை, நம் கரையோர வீடுகளோடு எத்தனையோ படங்களையும் வாரிச் சென்றது. தப்பிய நாடாவொன்றின் பின்வரிசையில், எட்டிப் பார்க்கும் மூத்தம்மாவின் முகம் இருக்கக்கூடும். கறுப்புக் கரை கிடக்கட்டும், அம்முகம் வெட்டுப்படலாகாது.