கல்வெட்டில் இல்லாத எண்

திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கத் தென்பெண்ணையின் குறுக்கே 16 கோடி ரூபாயில் ஓர் உயர்மட்டப் பாலம் கட்டினார்கள். 2024 செப்டம்பரில் திறப்பு விழா. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர். பாலம் போயிற்று. மூன்றே மாதம்.

உடனே நாம் என்ன செய்தோம்? மீம் போட்டோம். "எத்தனை பர்சென்ட் கமிஷன்?" என்று கேட்டோம். நானும் சிரித்துக்கொண்டே பகிர்ந்தவன்தான். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. கமிஷன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் படிக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

அரசுத் தரப்பின் பதிலைக் கவனியுங்கள்: பாலம் வடிவமைக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்துவிட்டது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது சமாதானம் இல்லை சார், வாக்குமூலம். அந்த அளவு வானத்திலிருந்து விழவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்தது. மேலே அணை 1958இலிருந்து நிற்கிறது. மதகுகளைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது அரசிடமே இருக்கிற கணக்கு.

"எல்லா வெள்ளத்துக்கும் கட்டினால் செலவு எகிறிடும்" என்பார்கள். நியாயமான வாதம். அப்படியானால் தரைப்பாலம் கட்டுங்கள். தரைப்பாலம் பொய் சொல்லாது. வெள்ளம் வந்தால் முழுகிவிடுவேன், அன்றைக்கு வராதே என்று ஊருக்கே தெரியும்படி நிற்கும். உயர்மட்டப் பாலம் என்று பெயர் வைத்தால் ஜனங்கள் வெள்ளத்தன்றும் நம்பி ஏறுவார்கள். அந்த நம்பிக்கைக்கு எல்லை உண்டென்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

அடுத்தது டெண்டர். தகுதிச் சுற்றில் தேறியவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வேண்டியவருக்குத் தூக்கிக் கொடுப்பதைத் தடுப்பது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அளவே தப்பாக எடுத்த சட்டையை யார் மலிவாகத் தைத்தால் என்ன? வடிவமைப்பு சரியாக இருந்தால்தான் விலைப்போட்டிக்கே அர்த்தம்.

வடிவமைப்போடும் முடிந்துவிடாது. கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்துக்கு வெள்ளமே வரவில்லை. 2016இல் திறந்தார்கள், விரிசல் கண்டு 2019இல் மூடினார்கள், மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். ஒரே பாலத்துக்கு இரண்டு முறை வேலை. கட்டும்போது யார் பக்கத்தில் நின்று சரிபார்த்தார் என்பதைக் கட்டி முடித்த பிறகுதான் எல்லோரும் தேடினார்கள்.

நம்மூர்ப் பாலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என எல்லாப் பெயரும் இருக்கும். எவ்வளவு தண்ணீருக்குக் கட்டியது என்று மட்டும் இருக்காது. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த எண்ணை டெண்டருக்கு முன்பே கிராமசபையில் வாசியுங்கள். ஆற்றை அறுபது வருடம் பார்த்த கிழவி ஒருத்தி எழுந்து, "இது பத்தாதுப்பா" என்று சொல்லட்டும். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கட்டுங்கள். கட்டி முடித்ததும் அந்த எண்ணையும், கணக்குப் போட்டவர், சரிபார்த்தவர் பெயர்களையும் அமைச்சர் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் பொறியுங்கள்.