வளையாபதியும் விரிதாளும்



சென்ற மாதம் நம் சங்க வாசகசாலையில் ஐம்பெருங்காப்பியங்களைப் பற்றிச் சிலர் உரையாடிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் கணினிக் கல்வி பயிலும் இளைஞர் ஒருவர், "அண்ணா, இலக்கியத்தில் காப்பியம் உண்டு, கட்டடக் கலையில் தஞ்சைப் பெரிய கோயில் உண்டு. மென்பொருளில் அவ்வாறு போற்றத்தக்க பெரும்படைப்பு ஏதேனும் உண்டா? பத்தாண்டு சென்றால் அதில் எதுவுமே நிலைப்பதில்லையே!" என்று கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. நான் மெட்ரிக் தேறிய ரயில்வே குமாஸ்தா. கணினி நூல்களைக் கற்றவன் அல்லன். ஆயினும் நாள்தோறும் கூட்டிக் கழிப்பதே தொழிலாக உடையவன் ஆதலால், எனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு இம்மாதம் விடை கூற முயல்கிறேன்.

1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஹார்வர்டு வணிகவியல் பள்ளியில் டான் பிரிக்லின் என்னும் மாணவர் பயின்று வந்தார். ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து ஒரு தொழிலின் கணக்கை எழுதினார். இடையில் ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமே மாறிவிடும் பலகை ஒன்று இருக்கலாகாதா என்று பிரிக்லின் எண்ணினார்.

இந்த ஏக்கம் எனக்கும் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழாக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தேன். பொதுக்குழு கூடுவதற்கு முந்தைய இரவு, பந்தல் செலவு 540 ரூபாயை 450 என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. அதைத் திருத்தப் போய், பக்கக் கூட்டல், மொத்தக் கூட்டல், கையிருப்பு என ஒன்பது இடங்களில் அடித்து எழுத நேர்ந்தது. மறுநாள் அந்தப் பக்கத்தைப் புரட்டிய பெரியவர் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காசும் குறையவில்லைதான். ஆனால் அடித்தல் திருத்தல் மலிந்த கணக்கை யார் நம்புவார்? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிரிக்லினின் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர் நண்பர் பாப் பிராங்ஸ்டன். இரவில் கணினி வாடகை குறைவு என்பதால் அவர் இரவெல்லாம் விழித்திருந்து எழுதினார். விசிகால்க் என்னும் அந்த மென்பொருள் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக விற்பனைக்கு வந்தது. 63 பத்திகள், 254 வரிசைகள்; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏ1, பி2 என்று ஒரு பெயர். பின்னர் ஐ.பி.எம். கணினிக்காக வெளிவந்த விசிகால்க் ஏறத்தாழ 27,000 பைட்டுகளில் அடங்கிவிட்டது. விடிந்ததும் கைப்பேசியில் நாம் அனுப்பும் காலை வணக்கப் படம் ஒன்று இதனினும் பெரிது!

அதுவரை கணினியிடம் புதிய கணக்கொன்றைச் செய்யச் சொல்ல வேண்டுமெனில், பெரும்பாலும் அதன் மொழி கற்ற ஒருவரை நாட வேண்டும். விசிகால்க் வந்தபின் கடைக்காரரும் கணக்கரும் தாமே அமர்ந்து, "விலையைச் சிறிது குறைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டு, உடனே விடை பெற்றனர். இந்த ஒரு மென்பொருளுக்காகவே கணினி வாங்கியவர் பலர்.

அத்தகைய விசிகால்க் நீடித்ததா? இல்லை. 1983-இல் ஐ.பி.எம். கணினிக்கு வந்த லோட்டஸ் 1-2-3 அதை முந்தியது. 1985-இல் லோட்டஸ் நிறுவனமே அதனை வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது. காப்புரிமையும் பெறப்படவில்லை. ஆறே ஆண்டு வாழ்வு! இளைஞர் கூறியது மெய்தானே என்று தோன்றும்.

ஆனால் வளையாபதியை எண்ணிப் பாருங்கள். அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை; எழுபது சொச்சம் பாடல்களே எஞ்சியுள்ளன. அதற்காக அதனைக் காப்பியப் பட்டியலினின்று நீக்கிவிட்டோமா? விசிகால்க்கின் நிலை அதனினும் மேல். இன்று நம் பிள்ளைகள் திறக்கும் எக்ஸெலிலும் கட்டத்தின் பெயர் ஏ1தான். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை மாறும் முறையும் அதுவேதான். செய்தவர் பெயரை அறியாமலே உலகம் அவர் வழியில் கணக்கிடுகிறது. மென்பொருள் மறைந்த பின்னும் அது கற்பித்த வழக்கம் எளியோர் கையில் நிற்குமாயின், அதுவே பெரும்படைப்பு என்பது என் துணிபு.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. 540-ஐ 450 என்று இன்றும் நான் இட்டால், விரிதாள் அந்தத் தவற்றையும் நொடியில் பிழையறக் கூட்டித் தரும். கூட்டுவது அதன் வேலை. சரிபார்ப்பது நம் கடமை. இவ்வாண்டுப் பொங்கல் கணக்கு விரிதாளில் ஆயத்தமாக உள்ளது. செலவுச் சீட்டுகளும் பக்கத்திலேயே இருக்கும். பொதுக்குழுவுக்கு அனைவரும் வந்து பார்த்தருள வேண்டும்; அந்தப் பெரியவர் தவறாமல் வர வேண்டும்.