கண்ணாடியை மாற்றுவதற்கு முன்



எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் தூணோரம் அமர்ந்து ஒரு ஜுஸ்உ ஓதாமல் எழமாட்டார். ஓராண்டிற்குள் மூன்று முறை மூக்குக்கண்ணாடியை மாற்றினார். எழுத்துகள் நெளிகின்றன என்றவரிடம், "வயதானால் அப்படித்தான் பெரியத்தா" என்று ஆறுதல் கூறியவர்களுள் நானும் ஒருவன். பதினைந்து ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் என்பதை ஊரே அறியும். அதனையும் கண்ணையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கண் மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றபோது, ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. இன்று மனனமாக உள்ள சூராக்களை மட்டுமே ஓதிவருகிறார்.

கண்ணாடி திருத்துவது ஒளி குவிவதிலுள்ள குறையை மட்டுமே. இந்நோய் தாக்குவதோ அவ்வொளி சென்று விழும் விழித்திரையை. பல்லாண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பின் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து கசிகின்றன. கசிந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் எழுத்துகள் மங்கும், நெளியும். சில குழாய்கள் அடைபட்டால், அவற்றுக்கு ஈடாகப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. இவை வலுவற்றவை. உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டும். விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடவும் கூடும்.

இத்தனையும் நிகழும்போது வலியில்லை, சிவப்பில்லை. தொடக்கத்தில் பார்வையும் குறைவதில்லை. "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது?" என்ற சொல்லே இந்நோய்க்குப் பெருந்துணை!

ஆகவே சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட உடனேயே (சிறுவயதில் இன்சுலின் தொடங்கியவர்களாயின் ஐந்தாண்டுகளுக்குள்) விழித்திரையைச் சோதிக்க வேண்டும். பின்னர் ஆண்டுக்கொருமுறை. முன்பே சர்க்கரை உள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் காட்டுவது அவசியம். சொட்டு மருந்திட்டுப் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாயிருக்கும். வண்டி ஓட்டலாகாது, துணைக்கு ஒருவர் வேண்டும். அழைத்துச் செல்ல ஆளில்லை என்றே நம் வீட்டுப் பெண்களின் சோதனை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. இதில் குற்றம் ஆண்களாகிய நம்முடையதே.

நோன்புக் காலத்தில் சொட்டு மருந்துக்கு அஞ்சிச் சோதனையை ஒத்திப் போடுவோரும் உளர். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலை. ஆனால் நோன்பு நோற்கும் நீரிழிவுக்காரர் மாத்திரை, இன்சுலின் அளவுகளை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

1993இல் வெளிவந்த அமெரிக்க, கனடா ஆய்வொன்று, இன்சுலினைச் சார்ந்த நோயாளிகள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது இவ்விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்ததெனக் கண்டது. இரத்த அழுத்தத்தையும் அடக்கி வைத்தல் வேண்டும். நோய் முற்றினால் லேசர் சிகிச்சையும், கண்ணுக்குள் போடும் ஊசியும், அறுவை சிகிச்சையும் உள்ளன. லேசர் பெரும்பாலும் இருக்கும் பார்வையைத்தான் காக்கும். இழந்ததை மீட்டுத் தருவது அரிது. திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் போல் ஒளி தெறித்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அப்பெரியவரின் மனைவிக்கும் சர்க்கரை உண்டு. தமக்கு நேர்ந்தபின் அவரே வற்புறுத்தி அம்மூதாட்டியை அனுப்பி வைத்தார். கசிவு தொடக்க நிலையில் இருந்தது. ஆறு மாதத்தில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதியை நாட்காட்டியில் பெரிதாக எழுதி வைத்திருப்பவர், அவர்களுடைய பேரன்.