ஊசி தீர்த்தம் அன்று!

அரூர்ச் சந்தையிலே புளி வாங்குபவன், விலையைக் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. தராசைப் பார்க்கிறான், முள் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறான், படிக்கல் சரியானதுதானா என்று கையிலே எடுத்தும் பார்க்கிறான். ஒரு கிலோ புளிக்கு இவ்வளவு எச்சரிக்கை! நல்லதுதான். ஆனால், பெற்ற மகளின் உடலுக்குள் செலுத்தப்படும் மருந்தைப் பற்றிப் பேச்செழும்போது மட்டும், அந்தத் தராசு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? ஒரு சாரார், “ஊசியா? ஐயோ, வேண்டவே வேண்டாம்!” என்று அலறுகின்றனர். மற்றொரு சாரார், “போடு என்றால் போட்டுக்கொள், வாய் திறவாதே!” என்று அதட்டுகின்றனர். அலறுவோர் கையிலும் தராசு இல்லை. அதட்டுவோர் கையிலும் தராசு இல்லை. இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

இந்த வழக்கை இப்போது தொடுப்பானேன்? காரணம் இருக்கிறது. 2025 மார்ச்சுத் திங்களில், தமிழக அரசு தனது நிதிநிலை அறிக்கையிலே, 14 வயதுச் சிறுமியருக்கெல்லாம் எச்.பி.வி. தடுப்பூசி படிப்படியாகப் போடப்படும், அதற்கென 36 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அறிவித்தது. பெண்களின் கருப்பை வாயிலே புற்றுநோயை விளைவிக்கும் வைரசைத் தடுக்கும் ஊசி இது. பணம் படைத்தோர் தனியார் மருத்துவமனையிலே பல ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தம் பெண்களுக்குப் போட்டுக்கொண்ட ஊசி, ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் என்று அறிவிக்கப்பட்டதும் மகிழ்ச்சி பிறக்க வேண்டாமா? பிறந்தது ஐயம்! “குழந்தைப் பேறு இல்லாமல் போய்விடுமாம்”, “எங்கோ ஏழு பெண்கள் செத்துப் போனார்களாம்”, “நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்களாம்” என்று ‘ஆம்’ போட்ட பேச்சுகள் மலையடிவாரத்து ஊர்களிலே உலவுகின்றன.

இவற்றைக் கேட்டதும், “பாமரர்! படிப்பறிவில்லாதவர்! மூடநம்பிக்கை!” என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். கேள்வி கேட்பது மூடநம்பிக்கை ஆகாது. கேள்வி கேளாமல் ஏற்பதுதான் மூடநம்பிக்கை. நம் தீர்த்தமலையிலே பாறையினின்று விழும் நீரை, நோய் தீரும் என்று தலையிலே தெளித்துக்கொள்கின்றனர்; புட்டியிலே நிரப்பி வீட்டுக்கும் எடுத்துச் செல்கின்றனர். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை பேருக்குத் தீர்ந்தது, எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா என்று எவரும் கேட்டதில்லை. எவரும் விடையளிக்கக் கடமைப்பட்டவருமல்லர். தீர்த்தம் என்றால் அப்படித்தான்! ஊசியோ, தீர்த்தம் அன்று. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. அதுவே அதன் பெருமை. அந்தப் பெருமையை அலறுவோரும் அறியவில்லை, அதட்டுவோரும் அறியவில்லை.

கணக்கையே பார்ப்போம். ஒரு தட்டிலே ஊசியால் வரக்கூடிய தொல்லைகளை வைப்போம். குத்திய இடத்திலே வலி, வீக்கம், ஒரு நாள் காய்ச்சல், தலைவலி: இவை பலருக்கும் உண்டு, மறைப்பானேன்? ஊசியைக் கண்ட அச்சத்திலேயே மயங்கி விழும் சிறுமியரும் உண்டு. அதனால்தான் உட்கார வைத்துப் போட வேண்டும், போட்டபின் சிறிது நேரம் இருத்தி வைக்கவேண்டும் என்கின்றனர். உடனே மருத்துவம் பார்க்க வேண்டிய கடும் ஒவ்வாமையும் உண்டு. எவ்வளவு? 2017இல் உலக நல நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு, அதுவரை உலகெங்கும் வழங்கப்பட்ட 27 கோடிக்கு மேற்பட்ட ஊசிகளின் பட்டறிவை ஆராய்ந்து கூறியது: பத்து லட்சம் ஊசிக்கு ஏறத்தாழ இருவர். பிள்ளைப்பேற்றுக்கு இடையூறு என்பதற்குச் சான்று கிட்டவில்லை.

மறு தட்டிலே நோயை வைப்போம். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவிலே அந்த ஓராண்டில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆளான பெண்கள் ஏறத்தாழ 1,27,000 பேர். மாண்டவர் ஏறத்தாழ 80,000 பேர். வாழ்நாளிலே நூறு பெண்களில் ஒருவர் முதல் இருவர் வரை இந்நோய்க்கு இலக்காகின்றனர். பத்து லட்சம் சிறுமியரை நிறுத்திப் பாருங்கள்: ஒரு பக்கம், உடனே கவனித்தால் காப்பாற்றிவிடக் கூடிய ஒவ்வாமைக்கு இருவர், மறு பக்கம், புற்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர். குழந்தைப் பேறு போய்விடுமே என்கிறார்கள்! கருப்பையையே அறுத்து எடுக்க நேர்வது ஊசியாலா, நோயாலா?

ஊசி எல்லாம் வல்லது என்றும் நாம் கூறவில்லை. இந்நோயை உண்டாக்கும் வைரசு வகைகள் அனைத்தையும் அது தடுத்துவிடாது. முப்பது வயதைக் கடந்த பெண்கள் பரிசோதனை செய்துகொள்வது தேவையே. ஆயினும் விளைவு கண்கூடு. ஸ்காத்லாந்திலே 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட முதல் அணிப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், அவர்களுள் ஒருவருக்குக்கூட இப்புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தனர்.

தராசின் முள் என்றும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதும் இல்லை. அம்மை நோயை ‘ஆத்தா’ என்று கும்பிட்ட நாடு இது. கண்டவரில் பத்துக்கு மூவரைக் கொண்டுபோன பெரியம்மையை ஒழித்தது அம்மைப்பால். அந்த ஊசியும் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலே உயிர் குடித்ததுண்டு. நோய் இருந்தவரையில் அதைப் பொறுத்துக்கொண்டோம். 1975இல் இந்தியாவின் கடைசி நோயாளியும், 1980க்குள் உலகிலிருந்தே நோயும் மறைந்தபோது, ஊசியையும் நிறுத்திவிட்டோம். ஏன்? தட்டு மாறிவிட்டது! தொல்லையை எண்ணி எடை போட்டு, வேண்டியபோது எடுத்து, வேண்டாதபோது விடுவதுதான் அறிவியல்.

இனி, அதட்டுவோர் பக்கம் திரும்புவோம். “ஏழு பெண்கள் செத்தார்களாம்” என்ற பேச்சு வானத்திலிருந்து குதித்ததன்று. 2009 சூலையில், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், பின்னர்க் குசராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு இதே நோய்க்கான ஊசி, ஓர் ஆய்வுத் திட்டத்தின்கீழ்ப் போடப்பட்டது. ஏழு சிறுமியர் இறந்தனர். 2010 ஏப்பிரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது, நீரில் மூழ்கியவள் ஒருத்தி, பாம்பு தீண்டி மாண்டவள் ஒருத்தி, பூச்சி மருந்து குடித்தவர்கள், மலேரியாவுக்குப் பலியானவள் எனத் தெரிந்தது. ஊசி அவர்களைக் கொல்லவில்லை என்றே விசாரணை கண்டது.

அப்படியானால் குற்றமே இல்லையா? இருந்தது! ஆந்திரத்திலே பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள், 2,763இல் கையெழுத்திட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள்! 2013இல் நாடாளுமன்றக் குழு இதை எடுத்துக்காட்டிக் கடுமையாகக் கண்டித்தது. சிறுமியருள் பலர் பழங்குடி மக்களின் பிள்ளைகள். விடுதியிலே தங்கிப் படித்தவர்கள். மகளின் கையிலே என்ன ஏறுகிறது என்று காட்டு ஊரிலே இருந்த தாய்க்கு யார் சொன்னது? தந்தைக்கு யார் எழுதியது? “ஏழைக்கு நன்மை செய்யும்போது ஏழையைக் கேட்பானேன்” என்ற இறுமாப்பல்லவா அங்கே பேனாவைப் பிடித்தது? மருந்து குற்றமற்றது, முறை குற்றமுள்ளது. பழியோ மருந்தின் தலையிலே விழுந்தது!

அந்தப் பழியின் விலை என்ன தெரியுமா? நாடெங்கும் நடந்த பிற எச்.பி.வி. ஆய்வுகளும் அன்றே நிறுத்தப்பட்டன. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உள்ளிட்ட ஒன்பது இடங்களில் நடந்த ஆய்வில், பல சிறுமியர் ஒரே ஊசியோடு நின்றுவிட்டனர். அவர்களைப் பத்தாண்டுகள் விடாது கவனித்து வந்தபோதுதான், அந்த ஒரே ஊசியே போதிய காப்பளிக்கிறது என்பது 2021இல் வெளிப்பட்டது. ஒரு தடவை போதும் என்று உலகமே 2022இல் ஏற்றுக்கொள்ளக் காரணமான சான்றுகளுள், நம் நாட்டுச் சிறுமியரின் சான்றும் ஒன்று. உலகுக்கு விடை தந்த நாடு, தன் பெண்களுக்கு மட்டும் ஊசியைத் தராமல் ஆண்டுகளை ஓட்டியது!

அச்சத்துக்கு அரசுகளே அடிபணிந்த கதை பிற இடங்களிலும் உண்டு. சப்பானிலே, பக்க விளைவு பற்றிய கூக்குரல் கேட்டு, 2013 சூனில் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. நூற்றுக்கு எழுபது பேர் போட்டுக்கொண்ட ஊசி, நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்ற நிலைக்கு வீழ்ந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஏப்பிரல் ஆயிற்று. நம் தமிழகத்திலே, 2008 ஏப்பிரல் 23 அன்று, திருவள்ளூர் மாவட்டத்திலே தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். நெஞ்சைப் பிளந்த நிகழ்ச்சி அது. பொறுப்பைத் தேடத்தான் வேண்டும். ஆனால் அதன்பின், மருத்துவர் இருக்கும் நிலையங்களில் மட்டுமே ஊசி என்று ஆணை பிறந்தது. மருத்துவர் மலைக்குப் போனாரா? இல்லை, மலையிலிருந்து தாய் இறங்கிவர வேண்டியதாயிற்று! 2005-06இல் நூற்றுக்கு 81 குழந்தைகள் எல்லா ஊசிகளும் பெற்றிருந்த தமிழகம், 2015-16இல் 70க்கு இறங்கிற்று. இது ஒன்றே காரணம் என்று கூறோம். ஆயினும், சித்தேரி மலையிலிருந்து கைக்குழந்தையோடு நடந்து இறங்கும் தாய்க்கு, எவருடைய அச்சத்தின் சுமை தோளிலே ஏறுகிறது என்பது விளங்கும். 2017 பிப்பிரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது, வாட்சப்பிலே பறந்த பொய்களுக்கு அஞ்சிப் பெற்றோர் பின்வாங்க, இறுதி நாளையே தள்ளிவைக்க நேர்ந்ததும் இங்கேதான்.

எதிர்க் காட்சியும் உண்டு. 2018இல் சிக்கிம் மாநிலம், பெற்றோரையும் ஆசிரியரையும் கூட்டி வைத்து, ஐயங்களைக் கேட்டு, விடையளித்துவிட்டுப் பிறகே ஊசியை எடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட சிறுமியர் போட்டுக்கொண்டனர். அதட்டல் இல்லை, அடக்குமுறை இல்லை. விளக்கம் இருந்தது, வெற்றியும் வந்தது!

ஆகவேதான், ஆசிரியர்களாகிய நாம் சிலவற்றை உறுதியாகக் கேட்கிறோம். ஊசி வருமுன், அதன் நன்மையும் தொல்லையும் எண்ணிக்கையோடு அச்சிட்ட தாள், எளிய தமிழிலே ஒவ்வொரு வீட்டுக்கும் வரட்டும். படிக்கத் தெரியாத தாய்க்குப் படித்துக் காட்டும் பணியை நாம் ஏற்கிறோம். ஒப்புதலை, விடுதியிலே தங்கியிருக்கும் மலையூர்ப் பிள்ளைக்கும், பெற்றோரே தரட்டும். அவர்கள் இடத்திலே நாம் கையெழுத்திடமாட்டோம். விருப்பமின்றி எவருக்கும் ஊசி போடக் கூடாது, ஊறு பற்றிய செய்திகளை மக்கள் அறியச் செய்யவேண்டும் என்று, கொரோனா ஊசி வழக்கிலே 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் கூறிய நெறி இதற்கும் வழிகாட்டட்டும். போட்டபின் எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால், அதைப் பதிந்து, ஆராய்ந்து, முடிவை ஊரறியச் சொல்லட்டும். மருத்துவச் செலவும் ஈடும் அரசின் கடனாகட்டும். மறைக்கப்படும் ஒரு மயக்கம், மறுநாள் நூறு மரணமாக ஊரிலே உலவும்!

பெற்றோரே! கேளுங்கள், துருவித் துருவிக் கேளுங்கள், ஆனால் விடையையும் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு. அந்த விலையை இன்று நீங்கள் தரப்போவதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, உங்கள் மகள் தரப்போகிறாள், அவள் பிள்ளைகள் தரப்போகிறார்கள். இரு தட்டிலும் உள்ளதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பார்த்தவர்கள் நல்ல முடிவுக்கே வருவார்கள் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. அந்த நம்பிக்கை இல்லாதவர்கள்தாம் அதட்டுகிறார்கள்!