துறைமுகத்துத் தரவும் சார்புமுறைக் கணிப்பும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய பேச்செழும்போதெல்லாம் அதன் இயற்கையான ஆழத்தையும், சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவைத்துச் சென்ற எண்ணெய்க் குதங்களையும், அவற்றின்மேல் அந்நிய தேசங்கள் கொண்டுள்ள அக்கறையையும் பற்றியே உரையாடிப் பழகிவிட்ட நாம், இத்துறைமுகம் இரவுபகலாகப் பிறப்பித்துவரும் இன்னொரு செல்வமாகிய தரவைச் சிந்தியாதிருப்பது பெருங்குறை என்பதே என் அபிப்பிராயம்.

சர்வதேசக் கடற்பயணம் மேற்கொள்ளும், 300 மொத்தத் தொன்னளவுக்குக் குறையாத கப்பல் ஒவ்வொன்றும் தன் அடையாள இலக்கத்தையும் இடத்தையும் வேகத்தையும் வானொலி அலைவழியே அறிவித்துக்கொண்டே செல்லவேண்டும் என்பது சர்வதேச நியதி. மணிக்கு 14 கடல்மைலுக்கு உட்பட்ட வேகத்தில் ஓடும் கப்பல் சாதாரணமாக 10 செக்கனுக்கு ஒருமுறை அறிவிப்பதால், ஒரு கப்பலின் ஒருநாள் ஓட்டமே 8,640 வரிகளாகிறது. இத்துறைமுகம் அமைந்த கொட்டியாரக் குடாவுக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களோடு, கரைக்கு அப்பால் வங்கக் கடலிற் செல்வனவற்றையும் சேர்த்துச் சில வருஷங்கள் திரட்டினால், சாதாரணக் கணினியின் நினைவகத்தில் அடங்காத பெருங்கோப்பு உருவாகிவிடும்.

இத்தகைய கோப்பைப் பங்கிட்டு ஏககாலத்தில் கணிக்க, இன்றைய மலிவான கணினியின் செயலியிலும் பல கருக்கள் இருக்கின்றன. எனினும், ஒரே பேரேட்டில் பல கணக்கப்பிள்ளைகள் ஏககாலத்தில் அடித்தும் திருத்தியும் எழுதினால் கணக்குக் குழம்புவதுபோல, ஒரே மதிப்பைப் பல கருக்கள் மாற்றும் செய்நிரலில் பிழை மலிகிறது. கொடுத்த தரவை மாற்றாமல், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும் சார்புகளாலேயே காரியத்தை முடிப்பது சார்புமுறை மொழிகளின் தர்மமாதலால், கோப்பைத் துண்டுகளாக்கி எந்தத் துண்டை எந்தக் கருவிடம் எந்த வரிசையில் ஒப்படைத்தாலும் விடை மாறுவதில்லை. 1930களில் அலன்சோ சேர்ச் வகுத்த கணித சாஸ்திரத்தைத் தழுவி, 1958இல் ஜோன் மக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் முதலாக ஹாஸ்கெல், எர்லாங் வரை தழைத்த இம்மரபிலிருந்தே, 2004இல் கூகுளின் ஜெப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் ஆயிரக்கணக்கான கணினிகளில் தரவைப் பகிர்ந்து கணிக்கும் தம் முறைக்கு உந்துதல் பெற்றனர்.

இம்முறையிலும் விவேகம் வேண்டும். சம அளவில்லாத துண்டுகளின் சராசரிகளைச் சராசரியாக்கினால் பிழையான விடை கிட்டலாம். ஒவ்வொரு துண்டும் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தரவேண்டும், வகுத்தல் இறுதியிலேயே நிகழவேண்டும். துண்டின் எல்லையில் ஒரு வரி அறுபடாதபடியும், ஒரு கப்பலின் பாதை முறியாதபடியும் காப்பது அவசியம். வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாகவேண்டுமாயின், எத்தனை கருக்களைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது என்பது ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின் சாரம்.

சார்புமுறை மொழிகள் கடினமானவை, உத்தியோகச் சந்தையிற் கேட்பாரற்றவை என்று சிலர் ஆட்சேபிப்பர். 2014இல் வெளியான ஜாவாவின் எட்டாம் பதிப்பே இம்முறையைச் சுவீகரித்துக்கொண்டது என்பதை அவர்கள் கருதவேண்டும். மொழி மாறினாலும், அது பழக்கிய ஒழுங்கு மாணவனை விட்டு நீங்காது. ஆகவே, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் நம் பாடசாலைகளும் சார்புமுறைச் சிந்தனையை ஆரம்பத்திலேயே கற்பித்து, பயிற்சிக்குத் தூரதேசத்து உதாரணங்களைத் தேடாமல் இத்துறைமுகத்துக் கப்பல் பதிவுகளையும் மழைக் கணக்குகளையும் கொடுக்கவேண்டும். பிறர் கணித்துத் தரும் முடிவுகளுக்காகக் காத்திராமல், நம் கடலைப் பற்றிய கேள்விகளுக்கு நாமே விடை காணும் ஆற்றல் அவ்வழியாலேயே நமக்குச் சித்திக்கும்.